வீட்டுக்காரரும் டியூக்கும்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது, பனி அள்ளும் மண்வெட்டியால் ஒரு காரின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி மாதம். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்தத் தெரு முழுக்க இடுப்பளவு பனி. காலையெல்லாம் நின்று, தன் வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு கார் நிற்கும் அளவுக்குப் பனியை அள்ளி ஒதுக்கியிருக்கிறார். தேநீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் யாரோ ஒரு இளைஞன் அந்த இடத்தில் தன் காரைச் செருகிவிட்டு, முனையிலிருந்த தெப்பனருக்கு, இங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர், சிகரெட் வாங்கப் போயிருக்கிறான். அவன் திரும்பி ஓடிவந்து பிரெஞ்சில் கத்தினான். இவர் நிறுத்தவில்லை. கண்ணாடி முடிந்ததும் பின்விளக்கு. அது முடிந்ததும் மண்வெட்டியை அவன் பக்கம் திருப்பினார். அவன் கதவைத் திறந்து, உடைந்த சில்லுகளின் மேலேயே உட்கார்ந்து, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் படிக்கட்டின் கீழே நின்ற என்னைப் பார்த்தார்.

"வீடு பார்க்க வந்த பிள்ளையோ? வா, வா. இரும்புப் படி, வழுக்கும். கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ஏறு."

குரலில் அவ்வளவு கனிவு. மூச்சுகூட வாங்கவில்லை.

ஏன் அன்றே திரும்பி ஓடவில்லை என்று அம்மா சென்னையிலிருந்து பல தடவை கேட்டிருக்கிறாள். அதற்குள் நான் நிறைய வீடுகள் பார்த்துச் சலித்திருந்தேன். தனியாக இருக்கும் மாணவி என்றதும் வீட்டுக்காரர்களின் முகம் மாறும். இவர் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைக் கையில் வைத்து, "இனி இது உன்ர வீடு. ஆரும் வந்து ஏதும் சொன்னா என்னட்டை வந்து சொல்லு" என்றார். கீழ்த்தளத்தில் அவரும் அவர் மனைவியும். நடுத்தளத்தில் நான். மேல்தளத்தில் வயதான ஒரு போர்த்துகீசியத் தம்பதி. அவர்கள் அவரைக் கண்டாலே சுவரோரம் ஒதுங்கி நடப்பார்கள்.

பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இலங்கையின் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அறுபதைத் தாண்டிய வயது. துறைமுகத்தில் வருஷக்கணக்காக கொள்கலன் இறக்கிய தோள். நான் "அங்கிள்" என்றபோது, "நான் என்ன வெள்ளைக்காரனோ?" என்று முறைத்தார். பிறகு "ஐயா" என்று கூப்பிடத் தொடங்கினேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. மாதா கோயிலில் அவருடைய ஊர்க்காரர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு, பெரிய குளத்தின் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வயல் இருந்ததாம்.

அவர் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "ஒருக்கா விட்டனான். இனி விடேன்." கார் நிறுத்தும் இடத்துக்கும் அதையே சொல்வார், கோயிலில் தான் வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்கும் அதையே சொல்வார். அந்தப் பெஞ்சில் ஒரு ஞாயிறு வேறொரு குடும்பம் உட்கார்ந்துவிட்டது. பூசை முடியும்வரை அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். முடிந்ததும் வாசலில் வைத்து அந்தக் குடும்பத் தலைவரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து, பனிக் குவியலுக்குள் முகத்தை அழுத்தினார். இழுத்து விலக்க நாலு பேர் தேவைப்பட்டது.

பனி கரைந்ததும் பக்கத்து வீட்டு கிரேக்கர் வேலியைப் புதுப்பித்தார். புது வேலி ஒரு சாண் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பது இவர் கட்சி. எனக்குப் பார்க்க அப்படித் தெரியவில்லை. ஒரு மத்தியானம் வெறுங்கையாலேயே கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். உள்ளங்கைத் தோல் உரிந்து இரத்தம் முழங்கைவரை வடிந்தது. தடுக்க வந்த கிரேக்கரின் மூக்கு உடைந்தது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. மாலையில் அதே கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மேலே வந்து, என் குளியலறைக் குழாயின் ஒழுக்கைச் சரிசெய்து தந்தார்.

"வலிக்கலையா ஐயா?"

"என்னத்துக்கு வலிக்கோணும்? என்ர காணி என்னட்டைத் திரும்பி வந்திட்டுது."

ஞாயிறு பூசைக்குப் பிறகு தேநீர் குடிக்க என்னைக் கீழே கூப்பிடுவார்கள். அப்படி ஒரு நாள்தான் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். ஐரோப்பிய வரலாறு என்றேன். அதில் என்ன என்றார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியின் வடக்கே ஒரு பெரிய நகரத்தை ஆண்டு, எல்லா நிலத்தையும் இழந்துபோன ஒரு டியூக்கைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றேன். சொந்த வீட்டிலேயே யாரும் இரண்டாவது கேள்வி கேட்காத விஷயம் அது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இழந்ததெண்டால்? எப்பிடி?"

அன்று தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன். அந்த டியூக் கால்வாய் வெட்டினான், நெல் பயிரிட வைத்தான் என்றதும், "நெல்லோ? இத்தாலியிலோ?" என்று மனைவியை அடுக்களையிலிருந்து கூப்பிட்டுக் கேட்க வைத்தார். பிரெஞ்சு ராஜா படையெடுத்து வந்த கதைக்கு, நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"டியூக் உதவி தேடி வெளியூர் போயிட்டாரு. கோட்டையை ரொம்ப நம்பின ஒரு ஆள்கிட்ட விட்டுட்டுப் போனாரு. பீரங்கி, சாப்பாடு எல்லாம் நிறைய இருந்துச்சு. அந்த ஆள் பிரெஞ்சுக்காரங்ககிட்ட காசு வாங்கிட்டுக் கதவைத் திறந்து விட்டுட்டான், ஐயா. ஒரு குண்டுகூட வெடிக்கல."

மேசையில் ஓங்கிக் குத்தினார். கோப்பை உடைந்து ஒரு துண்டு கையில் ஏறியது. அதைப் பிடுங்கி எறிந்தார்.

"நானெண்டால் கதவைத் திறந்தவனை அந்த வாசலிலேயே வெட்டிப் போட்டிருப்பன்."

"ஓம். உங்களுக்கு வெட்டுறதும் குத்துறதும்தானே தெரியும்" என்று அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வீட்டில் அவருக்குப் பதில் சொல்லி நான் கேட்ட ஒரே குரல் அதுதான். அதுவும் எப்போதாவதுதான்.

அடுத்த ஞாயிறு, இந்த டியூக் உண்மையில் பட்டத்துக்கு உரியவன் இல்லை என்பதைச் சொல்ல வேண்டி வந்தது. "அண்ணன்தான் டியூக். அவரைக் கோயிலுக்குள்ள வெச்சு குத்திக் கொன்னுட்டாங்க. அவரோட பையன் அப்போ சின்னக் குழந்தை. குழந்தை வளர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்னு வந்தவர்தான் இவரு. பையன் பெரியவனான பிறகும் குடுக்கல."

அவர் எழுந்து, பின்கதவைத் திறந்து, தோட்டத்துக்குப் போய்விட்டார். மிளகாய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று அடுக்களைக்குள் போனேன். அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை, பிள்ளை" என்றார் தலை நிமிராமல். "இவற்ற தமையன் ஷெல் விழுந்து செத்தவர். அவற்ற பெடியனுக்கு அப்ப ஏழு வயசு. காணி உறுதிப் பத்திரமெல்லாம் இவர்தான் வாங்கி வைச்சவர். பெடியன் வளரட்டும் எண்டுதான் சொன்னவர். பேந்து எல்லாத்தையும் தன்ர பேருக்கு மாத்திப்போட்டார்."

"அப்புறம் அந்த நிலம்?"

"ஆமி எடுத்தது. எல்லாரும் வெளிக்கிடுங்கோ எண்டவங்கள். இவர் போகேல்லை. வேலைக்காரர், குத்தகைக்காரர் எல்லாரையும் தன்னோட நிக்கச் சொல்லிக் கேட்டவர். எல்லாரும் ஓமெண்டு சொல்லிப்போட்டு, விடிய முன்னம் போயிட்டுதுகள். தனிய வரம்பில நிண்டவர். துவக்குப் பிடியால அடிச்சாங்கள். வாய், நெஞ்சு, கால். ஒரு பகல் முழுக்கச் சேத்துக்க கிடந்தவர். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்." கத்தியைக் கழுவினார். "அதுக்கு முன்னமும் கோவம் இருந்ததுதான். ஆனா கை நீட்டுறேல்லை. அண்டைக்கு வாங்கினதை இண்டுவரைக்கும் ஆருக்கோ திருப்பிக் குடுத்துக்கொண்டு இருக்கிறார்."

பேசும்போது தன் இடது கைச் சுண்டுவிரலைத் தடவினார். அது நடுவில் வளைந்து வேறு பக்கம் பார்த்தது. நான் பார்ப்பதைக் கவனித்தார்.

"கதவுக்க நசிஞ்சது எண்டுதான் எல்லாருக்கும் சொல்லுறனான்" என்றார்.

அந்த வாரம் வேறு வீடு தேடினேன். தேடினேன் என்றுதான் சொல்ல முடியும். புதன்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. அவர் கொத்தமல்லிக் கசாயத்தை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, நான் திறப்பதற்குள் கீழே இறங்கிப் போயிருந்தார். ஞாயிறு மறுபடியும் கூப்பிட்டார். "சரி, சொல்லு. உங்கட டியூக் திரும்பி வந்தவனோ இல்லையோ?"

வந்தான் என்றேன். கூலிப்படை சேர்த்துக்கொண்டு வந்து நகரத்தைத் திரும்பப் பிடித்தான். ஆனால் எதிர்ப்படையிலும் அதே நாட்டுக் கூலிக்காரர்கள் இருந்தார்கள். நம் ஆட்களோடு நாங்கள் சண்டை போட மாட்டோம் என்று இவன் படை ஒதுங்கிவிட்டது. சாதாரணச் சிப்பாய் மாதிரி வேஷம் போட்டு அவர்கள் வரிசையிலேயே நடந்து தப்பப் பார்த்தான். அவர்களில் ஒருவனே விரலை நீட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டான்.

"ஒளிச்சிருக்கக்கூடாது" என்றார் அவர். "நிண்டிருக்கோணும். நிண்டு செத்திருக்கோணும்." பிறகு, "மிச்சத்தைப் பேந்து சொல்லு" என்று எழுந்தார்.

மிச்சத்தைச் சொல்லும் ஞாயிறு வரவில்லை.

ஜூலை முதல் நாள் மொன்றியல் முழுக்க வீடு மாறும் நாள். தெருவெல்லாம் சோபாக்களும் மெத்தைகளும் குளிர்பெட்டிகளும். மத்தியானம் நான் என் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வயதுக்குமேல் மதிக்கத்தக்க ஒருவன் மாம்பழப் பெட்டியுடன் வந்து, கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அவர் முன்னால் நின்றான்.

"சித்தப்பா, என்னைத் தெரியுதோ?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது.

டொரொண்டோவில் இருக்கிறான். லொறி ஓட்டுகிறான், மொன்றியல் துறைமுகத்துக்கு வாரம் ஒரு தடவை வருவானாம். பெட்டியை அவர் காலடியில் வைத்தான். ஆமி வயல்களைத் திருப்பி விட்டுவிட்டது என்று ஊரிலிருந்து சொன்னார்களாம். எல்லாம் சித்தப்பாவின் பேரில் இருக்கிறதாம்.

"முழுக்க வேண்டாம், சித்தப்பா. அப்பான்ர பாதி மட்டும். நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் காணும்."

"ஆர்ர பாதி?"

"அப்பான்ர."

"கொப்பான்ர எண்டு அங்க ஒண்டும் இல்லை. அதுக்காக அடி வாங்கினது நான். கொப்பன் இல்லை."

"அப்பா செத்தவர், சித்தப்பா" என்றான் அவன், குரலை உயர்த்தாமல். "அவர் எப்பிடி அடி வாங்குறது?"

படிக்கட்டின் கீழே, குளிர்காலத்தில் பனிக்கட்டி உடைக்கும் அலவாங்கு என்ற கடப்பாரை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் எழுந்து அதை எடுத்ததை நான் பார்த்தேன். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். "ஐயா!" என்று கத்தினேன். முதல் அடியைத் தடுக்க அவன் வலது கையைத் தூக்கினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போன்ற சத்தம். இரண்டாவது அடி முகத்தில். அவன் மாம்பழப் பெட்டியின்மேல் விழுந்தான். அதற்குப் பிறகும் அடித்தார். தோளில், விலாவில், மறுபடியும் முகத்தில். நான் இரும்புப் படிகளில் விழுந்தடித்து இறங்கி வருவதற்குள், எதிர்ப்பக்கம் குளிர்பெட்டி தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள். உதறிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாம்பழச் சாறும் இரத்தமும் நடைபாதையில் ஒன்றாக ஓடின. நான் அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒரு கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

போலீஸ் வந்தது. கதவைத் தட்டினார்கள். உள்ளிருந்து தமிழிலேயே கத்தினார்: "இது என்ர வீடு! ஒருத்தனும் உள்ள வரேலாது!" அலவாங்கால் தரையில் இடித்தார். போலீஸ்காரர்கள் துப்பாக்கியை உருவிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். கதவை உடைக்க ஏதோ எடுத்துவரச் சொன்னான் ஒருவன்.

அப்போது சங்கிலி விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வாசலில் அக்கா நின்றார். அவருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், அலவாங்குடன் அவர்.

அக்கா போலீஸைப் பார்க்கவில்லை. திரும்பி அவரைப் பார்த்தார்.

"அடிக்கிறதெண்டால் அடியுங்கோ" என்றார். "நான் திறந்திட்டன்."

அலவாங்கு உயர்ந்தது. அக்கா தலையைக் குனியக்கூட இல்லை. பிறகு இரும்பு தரையில் விழுந்தது. நாலு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். கன்னத்தைத் தரையில் அழுத்தி, முழங்காலை முதுகில் வைத்து, கையைப் பின்னால் முறுக்கினார்கள். அவர் கண் அக்காவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருக்குச் சில வருஷச் சிறை கிடைத்தது. வெளியே வந்த பிறகும் அண்ணன் மகனை நெருங்கக்கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. வழக்குச் செலவிலும் நஷ்டஈட்டிலும் வீடு போனது. அக்கா பக்கத்து நகரமான லவாலில் தங்கையோடு போய் இருந்துகொண்டார். ஊரில் அந்த வயலை யாரோ உழுகிறார்கள் என்று கேள்வி. நான் படிப்பை முடித்து, மொன்றியலுக்கு மேற்கே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரி வேலைக்குச் சேர்ந்து, புவாண்ட்-கிளேரில் குடியேறினேன்.

போன வசந்தத்தில் அக்கா போன் செய்தார். "அவர் வெளியில வந்திட்டார். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு அறையில இருக்கிறாராம். எனக்குப் போகேலாது, பிள்ளை. போகவும் மாட்டன். நீ ஒருக்காப் பாத்திட்டு வாறியோ, உயிரோட இருக்கிறாரோ எண்டு?"

ஒரு சனிக்கிழமை காலை போனேன். செங்கல் கட்டடத்தில் இரண்டாம் மாடி. கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கொள்கலன்கள் மலைமலையாக அடுக்கியிருந்தன. தோள் கரைந்துபோய், சட்டை தொங்கியது. முன்பற்கள் இரண்டு இல்லை. சிறையில் யாரோ அடித்ததில் போனவையாம். "நானும் குடுத்தனான்" என்றார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தான் கட்டிலில் உட்கார்ந்தார். அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை.

"மிச்சத்தைச் சொல்லு" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை.

"உங்கட டியூக். பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பேந்து?"

சொன்னேன். பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் கொஞ்சம் மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்து தப்பினான். காட்டுக்குள் வழி தெரியாமல் சுற்றி, மறுபடி அகப்பட்டான். அதற்குப் பிறகு வெளிச்சம் சரியாக வராத ஒரு நிலவறை. சுவரெல்லாம் படம் வரைந்துகொண்டிருந்தான். அங்கேயே செத்தான். நிலத்தைத் திரும்பப் பார்க்கவில்லை.

தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அந்தத் தமையன்ர மகன்?" என்றார்.

"அவன் அதுக்கு முன்னாடியே செத்துட்டான், ஐயா. சின்ன வயசு. இவர்தான் விஷம் வெச்சாருன்னு ஊர் பேசிச்சு. நிரூபிக்க முடியல. இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"டியூக்குக்குத் தெரியும்" என்றார்.

வெளியே பாரந்தூக்கி ஒன்று கொள்கலனை இறக்கியது. கட்டடம் லேசாக அதிர்ந்தது.

"எனக்கும் தெரியும், பிள்ளை. முதல் அடியோட பெடியன்ர கை விழுந்திட்டுது. திருப்பி அடிக்க வரேல்லை அவன். அதைக் கண்டனான். இப்ப நிப்பாட்டலாம் எண்டு நினைச்சதும் ஞாபகம் இருக்கு. நினைச்சுப்போட்டுத்தான் மற்ற அடி அடிச்சனான். கோவத்தில கண் தெரியேல்லை எண்டு கோர்ட்டில சொன்னாங்கள். எனக்குக் கண் நல்லாத் தெரிஞ்சது."

அவர் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் இப்ப எங்க இருக்கிறான்?"

எனக்குத் தெரியும். சிகிச்சைக்காக இங்கேயே தங்கிவிட்டான். லொறி ஓட்ட முடியாததால், புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் வேலை செய்கிறான். என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். கடைத்தெருவில் அடிக்கடி பார்ப்பேன். மகளை இடது கையால் பிடித்துக்கொண்டு நடப்பான். என்னைக் கண்டால் "தங்கச்சி" என்று நின்று பேசுவான்.

"ஒருக்காப் பாக்கோணும்" என்றார். "ஒண்டும் செய்யமாட்டன். பாக்கோணும்."

முகத்தில் கெஞ்சல் இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று ஒரு கணம் முழுசாக நம்பினேன். பிறகு அவருடைய வலது கையைப் பார்த்தேன். அது முட்டியாக மூடியிருந்தது. மூடியிருப்பது அவருக்குத் தெரிந்ததா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியாது, ஐயா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் சொல்வது பொய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தாண்டிப் போய், கதவைத் திறந்து விட்டார், நான் போவதற்காக.

"நல்லது, பிள்ளை" என்றார். "ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லு. நான் திரும்பி வந்து கேட்டாலும் சொல்லாதை."